வரையறையும் செயலாக்கமும்

சதுரங்கத்தில் குதிரை பிற காய்களைத் தாண்டிச் செல்லலாம் என்பது விதி. அக்குதிரை மரத்தால் ஆனதா, பளிங்கால் ஆனதா, திரையில் தோன்றும் படமா என்பதை விதி கூறுவதில்லை. விதி ஒன்று, அதன்படி ஆடுவதற்குரிய பலகைகளும் காய்களும் பல. கணினியின் நிரல்மொழிகளிலும் இத்தகைய வேறுபாடு உண்டு.

ஒரு நிரல்மொழியில் எவ்வாறு எழுதவேண்டும், எழுதிய ஒவ்வொரு தொடருக்கும் என்ன பொருள் என்பவற்றைக் கூறும் விதித்தொகுப்பே அம்மொழியின் வரையறை ஆகும். அவ்விதிகளின்படி நிரலைக் கணினியில் இயக்கும் மென்பொருள், அம்மொழியின் செயலாக்கம் எனப்படும். வரையறை என்பது வாக்குறுதி. செயலாக்கம் என்பது அதனை நிறைவேற்றும் கருவி.

மேல்வகுப்பு மாணவர்கள் கற்கும் பைத்தான் மொழியை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் உருவாக்கிய இம்மொழி 1991ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. நாம் பெரும்பாலும் கணினியில் நிறுவிக்கொள்வது, சி மொழியில் எழுதப்பட்ட சிபைத்தான் என்னும் செயலாக்கம். விரைந்து இயங்குவதற்குப் பைபை, சிறு மின்னணுக் கருவிகளுக்கு மைக்ரோபைத்தான் என வேறு செயலாக்கங்களும் உள்ளன.

வரையறை கூறாது விட்டவற்றைச் செயலாக்கம் தன் போக்கில் அமைத்துக்கொள்ளலாம். பைத்தானில் 'டிக்ஷனரி' என்னும் தரவு வகை உண்டு. மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் இணைத்து அதில் சேமிக்கலாம். கண்ணன், அமுதா, பாத்திமா எனச் சேர்த்த பெயர்களை அதே வரிசையில் திரும்பப் பெற முடியுமா? முன்னர் வரையறை அவ்வாறு உறுதி கூறவில்லை. 2016ஆம் ஆண்டு வெளிவந்த சிபைத்தான் 3.6 பதிப்பில், நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொருட்டு டிக்ஷனரியின் உள்ளமைப்பு மாற்றப்பட்டது. அதன் விளைவாக, சேர்த்த வரிசை மாறாமல் நின்றது. எனினும், இஃது அச்செயலாக்கத்தின் இயல்பு மட்டுமே. இதனை நம்புதல் கூடாது என உருவாக்கியோர் எச்சரித்தனர். 2018ஆம் ஆண்டு வெளிவந்த 3.7 பதிப்பு முதல், வரையறையே அவ்வரிசைக்கு உறுதி அளிக்கிறது.

மைக்ரோபைத்தானோ பெரும்பாலும் 3.4 பதிப்பின் வரையறையையே பின்பற்றுகிறது. அதன் டிக்ஷனரி வரிசையைக் காப்பதில்லை. கணினியில் சரியாக இயங்கிய மதிப்பெண் பட்டியலைச் சிறு கருவிக்கு மாற்றினால், பெயர்கள் இடம் மாறக்கூடும். கருவி பிழை எனக் காட்டாது. வரிசை மட்டும் மாறியிருக்கும். வரிசையை நம்பி முதற்பரிசுக்குரியவரைத் தேர்ந்தால், பரிசு வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகவே, ‘என் கணினியில் இயங்கியது’ என்பது மட்டும் போதிய சான்றன்று. அவ்வாறே இயங்கும் என வரையறை கூறுகிறதா என்பதையும் அறிதல் வேண்டும்.

சொற்பொருள்

நிரல் – கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு
பளிங்கு – வழவழப்பான ஒருவகைக் கல்
சான்று – ஆதாரம்

பயிற்சி

1. வரையறைக்கும் செயலாக்கத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 3.6, 3.7 ஆகிய இரு பதிப்புகளிலும் வரிசை மாறவில்லை. எனினும் நிரல் எழுதுவோர்க்கு இரண்டும் ஒன்றல்ல. ஏன்?
3. சி மொழியின் வரையறைப்படி ‘இன்ட்’ வகை 32,767 வரையேனும் எண்களைத் தாங்கவேண்டும். உங்கள் கணினியில் அது 200 கோடிக்கு மேலும் தாங்குகிறது. எல்லாக் கருவிகளிலும் இயங்கவேண்டிய நிரலில் 40,000 என்னும் எண்ணை அதில் வைக்கலாமா? காரணம் கூறுக.
4. பிரித்து எழுதுக: அம்மொழி, உள்ளமைப்பு, சான்றன்று.