விரல்களுக்குப் புதுப் பழக்கம்: பார்க்காமல் தமிழ் டைப் செய்யலாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் முதல் மாதத்தில் ஒட்டிக்கொள்ளும் சில பழக்கங்கள் பல வருடங்கள் ஆனாலும் விடுவதில்லை. எல்லா பைல்களையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பது, ஷட் டவுன் செய்யாமல் சுவிட்சை அணைப்பது, எங்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுப்பது எல்லாம் இந்த வகைதான். இவற்றை ஒருவர் எடுத்துச் சொன்னால் அன்றே திருத்திக்கொள்ள முடியும், ஏனென்றால் இவை தெரியாததால் வந்தவை. விரல்களில் ஏறிவிட்ட பழக்கம் அப்படிச் சொல்லித் தீர்வதில்லை. கீபோர்டைக் குனிந்து பார்த்து இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டுவதும், தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தமிழாக மாற்றிக்கொள்வதும் அந்த வகை. இந்த இதழில் இதை மட்டும் பார்ப்போம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் நாமக்கல் பக்கம் லாரி ஆபீஸ், கோழிப்பண்ணை, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஆபீஸ் என்று எங்கே போனாலும் மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கணக்கு, பில் எல்லாம் அதில்தான். ஆனால் தமிழில் அரைப்பக்கம் கடிதம் எழுத வேண்டும் என்றால் பையனை டி.டி.பி. கடைக்கு அனுப்புகிறார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போகிறவர், வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தும், வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போய் உட்காருகிறார். தன் ஊர் வாய்க்கால் பிரச்சினையைத் தன் வார்த்தையில் எழுதத் தெரிந்தவர்தான் அவர். டைப் செய்யத்தான் கை வரவில்லை.

இன்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செல்போனிலிருந்து வருகிறார்கள். அங்கே கட்டைவிரலால் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வந்துவிடும். அதே வழக்கம் கம்ப்யூட்டருக்கும் வருகிறது. நண்பருக்கு இரண்டு வரி அனுப்ப இது போதும். நீளமாக எழுதும்போதுதான் சிக்கல் தெரியும். ல, ள, ழ மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து, எதற்கு ஷிப்ட் கீ, ன வேண்டுமா ண வேண்டுமா என்று ஒவ்வொரு சொல்லிலும் மனம் ஒரு முறை ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்புகிறது. அல்லது கீழே வரும் பட்டியலில் சரியான சொல்லைத் தேடிக் கிளிக் செய்ய வேண்டியிருக்கிறது. சொல்ல வந்த வாக்கியம் இதற்குள் மறந்துவிடுகிறது. வாயால் சொல்லி டைப் செய்யும் வசதியும் இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

கீபோர்டைப் பார்க்காமல் டைப் செய்வது பிறவித் திறமை அல்ல, பழக்கம்தான். 1888 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு டைப்ரைட்டிங் போட்டி நடந்தது. அதில் பிராங்க் மெக்கரின் என்பவர், எழுத்துகள் இருக்கும் இடத்தை மனப்பாடமாக வைத்து, கீபோர்டைப் பார்க்காமலே டைப் செய்து ஜெயித்தார். பார்க்காமல் டைப் செய்வது பரவியதில் இந்தப் போட்டிக்குப் பங்கு உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நல்ல டிரைவரிடம் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் எந்த வரிசையில் இருக்கின்றன என்று திடீரென்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் கால் லேசாக அசையும்.

தமிழுக்கு எந்த கீபோர்டு? இங்கே கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் நல்லது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ரா. முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கினார். இத்தனை எழுத்துகளை ஒரு சிறு மெஷினில் அடக்க அவர் செய்த உபாயங்களில் ஒன்று நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து எழுத்தைத் தட்டினால் அந்தப் புள்ளி எழுத்தின் தலைமேல் உட்காரும். 'கொ' வேண்டும் என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இடமிருந்து வலமாகத் தட்ட வேண்டும். மெஷினுக்கு அது சரி.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டில் தமிழக அரசு தரமாக அறிவித்த கீபோர்டு அமைப்புதான் தமிழ்99. இதில் நாம் பள்ளியில் படித்தபடியே தட்டலாம். க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தால் கொ அல்லவா? இங்கே க தட்டி ஒ தட்டினால் கொ வந்துவிடும். உயிர் எழுத்துகள் இடது கையில், மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். வ, ங இரண்டும் மட்டும் இடது ஆள்காட்டி விரலுக்குப் போயிருக்கின்றன. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்யும்.

அடுத்த வசதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மெய் எழுத்தை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்ற இன எழுத்துகளுக்கும் இதே விதிதான். க, ஒ, ங, க, உ என்று ஐந்து தட்டில் கொங்கு. திருச்செங்கோடு என்று எழுதப் பன்னிரண்டு தட்டு, ஷிப்ட் கீ ஒரு முறைகூட வேண்டாம். புள்ளி விழக்கூடாத இடத்தில் நடுவில் அ தட்டவும். சசி என்று எழுத ச, அ, ச, இ. லலிதாவுக்கும் மமதைக்கும் இப்படித்தான்.

இதை உங்கள் கம்ப்யூட்டரில் கொண்டுவர விண்டோஸ் 10 அல்லது 11ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் மொழிக்கான பகுதியைத் திறக்கவும். ஆட் எ லாங்வேஜ் கிளிக் செய்து தமிழைச் சேர்க்கவும். பிறகு தமிழுக்கு எதிரே உள்ள லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் சென்று, ஆட் எ கீபோர்டு அழுத்தி, தமிழ் 99 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பார் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

முக்கியமான வேலை இனிதான் இருக்கிறது. அதே பட்டியலில் ஆங்கில எழுத்தில் தட்டும் தமிழ் கீபோர்டு ஏதாவது இருந்தால் ரிமூவ் செய்துவிடவும். 'இருக்கட்டுமே, அவசரத்துக்கு உதவும்' என்று வைத்திருந்தால் அவசரம் தினமும் வரும். வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1890ல் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கம் பற்றியே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். புதிய பழக்கம் வேர் பிடிக்கும் வரை ஒரு முறைகூட விலக்கு கொடுக்காதீர்கள் என்பது அதில் அவர் சொல்லும் விதிகளில் ஒன்று. மன உறுதியை நம்புவதைவிடப் பழைய வழியை அடைத்துவிடுவது சுலபம் என்பது என் அபிப்பிராயம். பட்டியலில் இல்லாத கீபோர்டுக்குக் கை போக முடியாது.

கீகளின் மேல் தமிழ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ஒட்டினால் குனிந்து பார்க்கும் பழக்கம் இன்னும் பலமாகும். தமிழ்99 படத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஒட்டவும். சந்தேகம் வந்தால் நிமிர்ந்து படத்தைப் பாருங்கள், கையைப் பார்க்காதீர்கள்.

எஃப், ஜே கீகளைத் தடவிப் பார்த்தால் சிறு மேடு தெரியும். இடது ஆள்காட்டி விரல் எஃப் மேல், வலது ஆள்காட்டி விரல் ஜே மேல். மற்ற விரல்கள் வரிசையாகப் பக்கத்தில். இப்போது இடது சுண்டுவிரலிலிருந்து அ, இ, உ, புள்ளி. வலது ஆள்காட்டி விரலிலிருந்து ப, ம, த, ந. ஸ்பேஸ் பாருக்குக் கட்டைவிரல். விரலை நகர்த்தாமல் இந்த எட்டு கீகளிலேயே எத்தனை சொற்கள் கிடைக்கின்றன பாருங்கள்: தம்பி, பந்து, பத்து, உப்பு, மதி, நதி, அந்த, இந்த, அம்மி, பந்தம். முதல் மூன்று நாள் இவை மட்டும் போதும். தினம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். நான்காம் நாள் ஆள்காட்டி விரல்களைச் சற்று உள்ளே நீட்டினால் க, எ சேரும். பகுதி, கம்பி, கம்பம் வந்துவிடும். அடுத்த வாரம் மேல் வரிசை, அதற்கடுத்த வாரம் கீழ் வரிசை.

இரண்டாவது வாரத்தில்தான் ஆட்கள் ஓடிப்போகிறார்கள். நான் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். லாரி ஆபீஸில் கணக்கு எழுதும் மாமா ஒருவர் ஒன்பதாம் நாள் போன் செய்து, "ஏன் மாப்ள, இதுக்குக் கையிலயே எழுதிப் போட்டுரலாமே" என்றார். அவர் சொன்னது உண்மை. இரண்டு விரலில் பத்து நிமிடத்தில் முடிந்த வேலை பத்து விரலில் அரை மணி நேரம் இழுக்கிறது. புதிய பழக்கம் முதலில் பழையதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இதற்கு மேலும் ஒரு கண்டம் உண்டு. பிரையன், ஹார்ட்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1897லும் 1899லும் தந்தி கற்பவர்களைப் பற்றி எழுதினார்கள். வாரா வாரம் முன்னேறி வந்தவர்கள் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். பல வாரம் பயிற்சி செய்தும் வேகம் ஏறவில்லை. பிறகு மறுபடி ஏறியது. எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கியதே காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். டைப்பிங்கிலும் இதைக் காணலாம். 'என்று', 'இருந்து', 'வேண்டும்' போன்ற சொற்கள் தனித்தனி எழுத்தாக இல்லாமல் ஒரே அசைவாகக் கையில் வரும் நாள் ஒன்று உண்டு. அதுவரை வேகத்தை அளக்காதீர்கள். மாமாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அவசர வேலையைப் பையனிடம் கொடுங்கள், உங்கள் பதினைந்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். இப்போது டிரைவர்களுக்கான தமிழ் நோட்டீஸ் அவர் அடித்ததுதான். எழுத்துப்பிழை இருக்கிறது, அது வேறு விஷயம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் படித்து, அரசுத் தேர்வு பாஸ் செய்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கவலைப்பட வேண்டாம். பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையில் பார்க்காமல் டைப் செய்பவருக்கு அது கெட்ட பழக்கம் அல்ல. அந்த முறையிலேயே யூனிகோடு தரும் மென்பொருள்கள் உண்டு. அவர்கள் மாற்ற வேண்டியது எழுத்துருவை மட்டும்தான்.

எழுத்துருவும் ஒரு பழக்கம்தான், டி.டி.பி. கடைகளில் இன்னும் ஓயாத பழக்கம். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் போட்டு ஏமாற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் போய் ஏதோ கிறுக்கல் வரும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு உலகம் முழுக்கப் பொதுவான எண்கள் இருக்கின்றன. 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 2010 ஜூனில் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. உங்களிடம் உள்ள பைல் எந்த வகை என்று அறிய, நாலு வரி காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யவும். தமிழாகவே வந்தால் யூனிகோடு. கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. அதை எழுத்துரு மாற்றி மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். பெயர்களையும் எண்களையும் ஒரு முறை சரிபார்க்கவும், பழைய பைலையும் அழிக்காமல் தனி போல்டரில் வைக்கவும். மாற்றிய பிறகு பண்ணையின் பத்து வருடக் கணக்கில் ஒரு வியாபாரியின் பெயரைக் கண்ட்ரோல் எஃப் தட்டி நொடியில் தேடலாம். பைலுக்குப் பெயரே தமிழில் வைக்கலாம்.

நான்காம் வாரம் எழுத ஒரு விஷயம் தேவை. செய்தித்தாளைப் பார்த்து அடிப்பது சலிப்பூட்டும். உங்கள் தெருவில் எரியாத விளக்கு பற்றிப் பஞ்சாயத்துக்கோ நகராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள். பெறுநர், பொருள், ஐயா என்று தொடங்கி அரைப்பக்கம் வந்தால் போதும். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.