கதிரொளியும் நுண்ணிழையும்

பகலெல்லாம் பரந்து விளங்கும் கதிரவன் ஒளியை இரவுக்கெனச் சேமித்து வைத்தல் இயலுமோ? மரஞ்செடிகள் இதனை நாள்தோறும் செய்கின்றன. அவற்றின் பசிய இலைகள் ஒளியின் துணையால் நீரைப் பிரித்து, அவ்வாற்றலை உணவாக்கி வைக்கின்றன. இச்செயலை நீரில் அமிழ்த்திய மின்வாய்களால் நிகழ்த்த முயலும் துறை ஒளிமின் வேதியியல் எனப்படும்.

இத்துறைக்கு வித்திட்டவர் பிரெஞ்சு நாட்டு எட்மண்டு பெக்குரல். 1839-ஆம் ஆண்டில், தம் 19-ஆம் வயதில், வெள்ளிக் குளோரைடு பூசிய பிளாட்டினத் தகட்டை அமில நீரில் இட்டு ஒளி படச் செய்தார், மின்னோட்டம் தோன்றிற்று. 1972-இல் ஜப்பானிய அறிஞர்களாகிய புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டையாக்சைடு மின்வாயின்மேல் ஒளியைப் பாய்ச்சி, நீர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிதலை உலகிற்கு அறிவித்தனர். ஹைட்ரஜன் சிறந்த எரிபொருள். எரிந்தபின் நீராகவே மீள்வது. எனினும் ஒரு குறை நின்றது. அம்மின்வாய் புறஊதா ஒளியையே ஏற்கும். கதிரொளியில் அப்பகுதி மிகச் சிறிது.

இக்குறையை நீக்க அறிஞர் நாடிய பொருள்களுள் ஒன்று மின்கடத்தும் பலபடி. பிளாஸ்டிக் போன்ற பலபடிகள் மின்சாரத்தைத் தடுப்பன. அதனாலன்றோ மின்கம்பிக்கு அவற்றை உறையாக இடுகின்றனர்! ஆயின் 1977-இல் ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகியோர், பாலிஅசிட்டிலீன் என்னும் பலபடியில் அயோடினைச் சேர்த்து அதனை நன்கு மின்கடத்தச் செய்தனர். இதன் பொருட்டு அம்மூவரும் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இவ்வினப் பலபடிகள் பல, கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்பன.

ஆனால் இதனைத் தடித்த பூச்சாக இட்டால் பயன் குன்றும். ஏன்? ஒளி பட்டதும் பலபடியினுள் ஓர் எலெக்ட்ரானும் அது நீங்கிய வெற்றிடமும் இணையாகத் தோன்றும். அவ்விணை ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவே செல்ல வல்லது. அதற்குள் பிரியாவிடின் மீண்டும் ஒன்றி மறையும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆதலால் பலபடியை, வயலில் நெருங்கி நிற்கும் நெற்பயிர்போல, மின்வாயின்மேல் நுண்ணிழைகளாக அமைக்கின்றனர். இழை நீண்டிருத்தலால் ஒளியை நிரம்ப ஏற்கும்; மெலிந்திருத்தலால் இணை வழியில் அழியாமல் விளிம்பை அடையும்; இழைகளின் இடையே நீரும் எளிதிற் புகும்.

இன்னும் ஓர் இடர் உளது. ஒளியும் ஆக்சிஜனும் நெடுநாள் தாக்கினால் பலபடி சிதையும். இலையும் ஒளியால் பழுதுறுவதே. ஆயினும் பழுதுற்ற உறுப்பை அது தானே புதுப்பித்துக்கொள்ளும். மின்வாய்க்கு அவ்வாற்றல் இல்லை. நீரைப் பிரிக்கும் வித்தையை இலையிடம் கற்ற மாந்தர், நிலைத்து நிற்கும் வித்தையை இனித்தான் கற்றல் வேண்டும்.