மலை இறங்குகையில் எழுந்த புகை

அரக்கோணத்திலிருந்து திருத்தணி பதின்மூன்று கிலோமீட்டர் தூரந்தான். 1994-இல் நான் பழைய வண்டியாகவே வாங்கிய பெட்ரோல் அம்பாசடர், ஓடிய தூரம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகும், கிருத்திகைதோறும் எங்கள் குடும்பத்தை அந்த மலைக்கு ஏற்றிச் சென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகையால் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் எங்களைக் கடந்து போனவர் ஒருவர், "சார், பின்னாடி ஒரே புகையா வருது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனபோது, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வியாதி என்று கேள்விப்பட்டதுபோல மனம் கலங்கிப்போனேன்.

முதலில் காட்டிய பட்டறையில், சைலென்சரைப் பார்த்த மாத்திரத்திலேயே, "ரிங் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கி ரீபோர் பண்ணித்தான் ஆகணும்" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு பெருந்தொகையும் கேட்டார்கள். புகை நீல நிறம் என்பது வாஸ்தவம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்பதும் வாஸ்தவம். ஆனால் அந்த ஆயில் சிலிண்டருக்குள் கீழிருந்து ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா என்று அவர்கள் விசாரிக்கவே இல்லை. நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்த என் தகப்பனார், புகைபோக்கியை ஏறிட்டுப் பார்த்தே அடுப்பில் கரி மிஞ்சிவிட்டதா, காற்று போதவில்லையா என்று சொல்லக்கூடியவர். நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், புகை எந்தச் சமயத்தில் வருகிறது என்று பார்க்கவேண்டும் என்பது அவர் எனக்குச் சிறுவயதில் சொன்ன வார்த்தை.

அந்த வார்த்தையை நம்பி, மறுநாள் விடியற்காலையில் என் அக்கா மகனைப் பின் ஸீட்டில் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்காரச் செய்து, திருத்தணி மலைப் பாதையில் வண்டியை ஏற்றினேன். பாரத்தோடு மேடேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுதியாக இருக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால், மிதிக்க மிதிக்க நீலப் புகை விடாமல் வந்துகொண்டே இருக்கவேண்டும். "ஒண்ணுமே இல்ல மாமா" என்றான் பையன். மலைமேல் சற்று நிறுத்திவிட்டு, இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடியே இறங்கினேன். அடிவாரத்தில் சமதரைக்கு வந்து காலை அழுத்தியதுதான் தாமதம், "இப்பப் பாருங்க மாமா!" என்று அவன் கூவ, கண்ணாடியில் எங்களுக்குப் பின்னே இருந்த சாலையே தெரியாதபடி நீலப் புகை எழும்பி, அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளத் தக்கது. இறக்கத்தில் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் மட்டும் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பதால், உள்ளே பலமான வெற்றிடம் உண்டாகிறது. வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் சீல் வயதாகி இறுகி, கைடும் தேய்ந்திருந்தால், மேலே ராக்கர் பகுதியிலுள்ள ஆயில் அந்த இடுக்கு வழியாக இழுக்கப்பட்டு உள்ளே சேர்ந்துகொண்டே வந்து, மறுபடி காலை அழுத்தும் கணத்தில் மொத்தமாக எரிகிறது. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் ஒரு குபீர்ப் புகை வந்து மறைவதும் பெரும்பாலும் இதே கோளாறின் அடையாளம்.

இவ்வளவு தெரிந்தும் நான் அவசரப்படவில்லை. ரயில்வே கேட்டருகே சிறு ஷெட் வைத்திருந்த வயோதிக மெக்கானிக் ஒருவரிடம் கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நான்கு சிலிண்டரும் 118-லிருந்து 122 பவுண்டுக்குள் நின்றன. பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறியிருக்கும், ஏறவில்லை. எஞ்சின் ஓடுகையில் ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார்; குப்குப்பென்று காற்றுத் தள்ளவுமில்லை. "அடிப்பக்கம் நல்லாருக்கு தம்பி, ஹெட்டை மட்டும் கழட்டுவோம்" என்றார்.

புகைப் பரிசோதனைச் சான்று இருக்கிறதே என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. பெட்ரோல் வண்டிக்கு அங்கே அளப்பது கார்பன் மோனாக்ஸைடையும் ஹைட்ரோகார்பனையுமே தவிர, மலையடியில் வரும் அரை நிமிஷ நீலத்தை அல்ல.

கரும்புகைக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டாம்: ஏர் ஃபில்டர், சோக், கார்புரேட்டர் மிதவை, இம்மூன்றையும் பார்த்தால் அநேகமாகத் தீர்ந்துவிடும். வெண்புகையில்தான் ஜாக்கிரதை அவசியம். மார்கழிக் காலையில் வந்து சில நிமிஷங்களில் மறைவது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பிறகும் அது அடர்ந்து நீடித்து, ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைந்து, ஆயிலும் மோர்போல் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று கொண்டு அப்படியே வண்டியை நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

என் வண்டிக்குக் கைடும் சீலும் புது கேஸ்கெட்டும் போட இரண்டு நாள் ஆயிற்று. செலவு, ரீபோருக்குக் கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் கேட்டுக்கொண்டிருந்த வண்டியில், அடுத்த ஆடிக் கிருத்திகைவரை ஆயில் டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு அரை விரல் கீழேதான் இறங்கியிருந்தது.