மனம் சோர்ந்து போனால் என்ன செய்வது?

இந்த மாதச் சுவர் இதழில் பாடம் சம்பந்தமாக ஏதாவது எழுது என்று தமிழ் ஐயா சொன்னார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை எழுதுகிறேன். படிக்கவே பிடிக்காமல், "நம்மால் முடியாது" என்று தோன்றிவிட்டால் அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதுதான் அது. இதை நான் மார்க் வாங்கிப் படிக்கவில்லை, மார்க்கை இழந்து படித்தேன்.

எனக்கு நடந்தது

எட்டாம் வகுப்பு வரை கணக்கில் நான் 90-க்குக் குறைந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பில் பாடம் கூடியது. பயந்துபோய் நானே ஒரு அட்டவணை போட்டு சுவரில் ஒட்டினேன். காலை 4 மணிக்கு எழ வேண்டும். இரவு 11 மணிக்குத்தான் படுக்க வேண்டும். சாயந்திரம் கோ-கோ விளையாடுவதையும் நிறுத்திவிட்டேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் மாதம் புத்தகத்தைத் திறந்தாலே தலை வலித்தது. ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பேன், ஒன்றும் ஏறாது. தங்கச்சி பக்கத்தில் வந்து பேசினாலே எரிந்து விழுவேன். ஏறவில்லையே என்று இன்னும் அரை மணி நேரம் கூட்டிப் படித்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

காலாண்டுத் தேர்வில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்று வந்தது. பெருக்கினால் 6, கூட்டினால் 5 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட 2, 3 என்று சொல்லிவிடும். எனக்கு வரவில்லை. பேப்பரையே பார்த்துக்கொண்டு இருந்தேன், கை வேர்த்தது, மணி அடித்துவிட்டது. 34 மார்க். பாஸுக்கு ஒரு மார்க் குறைவு.

அன்று ராத்திரி அம்மாவிடம், "எனக்குப் படிப்பு வராதும்மா, பெரியம்மா வீட்டு அக்காவோட நானும் மில்லுக்குப் போறேன்" என்று சொன்னேன். அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் தோசை கருகியது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னேன்.

இது சோம்பேறித்தனமா?

நான் சோம்பேறி ஆகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு நூலகப் புத்தகங்களில் படித்தும், அறிவியல் டீச்சரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். 1974-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல அறிஞர் இந்த நிலையைப் பற்றி எழுதினார். ஓய்வே இல்லாமல் பிறருக்காக உழைத்தவர்கள் ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதை அவர் பார்த்தார். ஆங்கிலத்தில் இதற்கு "பர்ன் அவுட்" என்று பெயர்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது.

1. சக்தியே இல்லாத களைப்பு.
2. செய்யும் வேலை மேலேயே வெறுப்பு, ஒட்டாத தன்மை.
3. "என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை" என்ற எண்ணம்.

இதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் படித்தபோது மூன்றும் எனக்கு அப்படியே பொருந்தியது. விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் திரி கருகும். அது திரியோட குற்றமா? எண்ணெய் ஊற்றாமல் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தவர் குற்றம்தானே!

சோம்பேறிக்கு வேலை செய்யாததில் வருத்தம் இருக்காது. சோர்ந்து போனவருக்கு வருத்தமே அதுதான். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

ஆகாயத்தில் வழி தவறிய வீராங்கனை

நான் கோ-கோவுக்கு வராததைப் பார்த்து விளையாட்டு சார் ஒரு நாள் கூப்பிட்டார்கள். நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அவர்கள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். அதில் இருந்தவர் அமெரிக்காவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ். அவர் கதை என் கதையைவிட ஆயிரம் மடங்கு பெரியது. ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான்.

சிமோன் 1997-ல் பிறந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4 தங்கமும் 1 வெண்கலமும் வாங்கினார். அடுத்து டோக்கியோ ஒலிம்பிக். கொரோனாவால் அது 2021-ல்தான் நடந்தது. உலகமே அவர் தங்கம் வாங்குவார் என்று முன்பே எழுதிவிட்டது.

ஜூலை 27, குழுப் போட்டி. ஓடி வந்து மேசையில் கை ஊன்றி எகிறி, ஆகாயத்தில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். ஒன்றரைச் சுற்றிலேயே அவருக்கு எல்லாம் தடுமாறிவிட்டது. தான் எங்கே இருக்கிறோம், தரை எந்தப் பக்கம் என்று உடம்புக்கே தெரியாமல் போகும் நிலை அது. தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும். எப்படியோ காலில் இறங்கினார். பிறகு மனநிலை சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மீதிப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். ஓரத்தில் நின்று தன் அணிப் பெண்களுக்குக் கை தட்டினார். அணிக்கு வெள்ளி கிடைத்தது.

பயந்து ஓடிவிட்டார் என்று பல பேர் ஏசினார்கள். அவர் அடுத்து வந்த நான்கு இறுதிப் போட்டிகளிலும் கலந்துகொள்ளவில்லை. ஆகஸ்ட் 3-ல் கடைசிப் போட்டிக்கு மட்டும் வந்தார். அது சமநிலைக் கட்டை. 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், தரையிலிருந்து 1.25 மீட்டர் உயரம். 10 சென்டிமீட்டர் என்றால் நம் அடி ஸ்கேலில் மூன்றில் ஒரு பங்கு. அதன் மேல்தான் குதிக்க வேண்டும், கரணம் போட வேண்டும்.

இங்கேதான் நான் கவனித்த விஷயம் இருக்கிறது. கட்டையிலிருந்து இறங்கும்போது உடம்பைத் திருகிச் சுழன்று இறங்குவது அவர் வழக்கம். அன்று அந்தச் சுழற்சியை எடுத்துவிட்டு, தன்னால் பத்திரமாகச் செய்ய முடிந்த, கொஞ்சம் எளிதான முறையில் இறங்கினார். வெண்கலம் வாங்கினார். பெரிய வித்தையை விட்டு எளிதானதைச் செய்ததில் அவருக்கு வெட்கமே இல்லை.

பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம் அவர் எந்தப் போட்டிக்கும் வரவில்லை. மனநல ஆலோசகரிடம் தொடர்ந்து பேசினார். 2023 ஆகஸ்டில் திரும்பி வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 3 தங்கம், 1 வெள்ளி. அப்போது அவருக்கு வயது 27. குழுப் போட்டி நாளன்று காலையிலும் ஆலோசகரிடம் பேசிவிட்டுத்தான் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதே பாரிசில் ஆகஸ்ட் 5-ல் சமநிலைக் கட்டையிலிருந்து கீழே விழுந்து பதக்கம் இல்லாமல் போனார். அன்றைக்கே அடுத்து நடந்த தரைப் பயிற்சிப் போட்டியில் வெள்ளி வாங்கினார். நம்பிக்கை வந்தவர் விழவே மாட்டார் என்பதில்லை. விழுந்தபிறகு அடுத்த போட்டிக்குப் போய் நிற்பார், அவ்வளவுதான்.

ஐந்தே கணக்கு

என் தாத்தா ஒரு வார்த்தை சொன்னார்கள். "ஏர் ஓட்டும்போது வெயில் ஏறினா மாட்டை அவுத்து நெழல்ல கட்டுவோம். அவுத்துக் கட்டினதால மாடு சோம்பேறி ஆயிடுமா? மறுநாள் அதேதான் உழும்." நான் அட்டவணையைக் கிழித்தேன். ஒரு வாரம் 9 மணிக்கே படுத்தேன். கோ-கோவுக்கும் போனேன்.

கணக்கு டீச்சரிடம் போய் நின்றபோது திட்டுவார்கள் என்று பயந்தேன். அவர்கள் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். "தினம் அஞ்சே அஞ்சு கணக்குப் போடு. ஆறாவது போடக்கூடாது, போட்டால் நோட்டை வாங்கி வச்சிருவேன்" என்றார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஏழாம் வகுப்புக் கணக்கா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டு யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு போட்டேன். ஐந்தும் சரி. மறுநாளும் ஐந்தும் சரி. பத்தாம் நாள் ஐந்து கணக்கும் முடிந்தபிறகு நோட்டை மூட மனசே வரவில்லை. ஆறாவதைப் போட ஆசையாக இருந்தது! எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் கணக்கு மேல் வந்த ஆசை. டீச்சரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே எட்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது?

ஆல்பர்ட் பண்டூரா என்ற மனவியல் அறிஞர் 1977-ல் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார். அவர் நான்கு வழிகள் சொல்கிறார்.

1. நாமே ஒரு வேலையை முடித்துப் பார்ப்பது.
2. நம்மைப் போன்ற ஒருவர் முடிப்பதைப் பார்ப்பது.
3. நாம் நம்பும் ஒருவர் சொல்லும் ஊக்கச் சொல்.
4. உடம்பும் மனமும் அமைதியாக இருப்பது.

இவற்றில் முதல் வழிக்குத்தான் பலம் அதிகம். நம்பிக்கை வந்தபிறகு படிக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. ஒரு சின்ன வேலையை முடித்தால் அதன் பின்னாலேயே நம்பிக்கை வரும். வண்டிக்கு முன்னால் மாடு போக வேண்டும் அல்லவா, அதுபோல.

நான் இரவெல்லாம் படித்தது ஏன் மறந்தது என்பதற்கும் பதில் இருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்தார். படித்தது முதலில் வேகமாக மறக்கிறது, பிறகு மெதுவாக மறக்கிறது என்று கண்டார். ஒரே நாளில் உட்கார்ந்து பலமுறை படிப்பதைவிட, நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்றாக நிற்கும் என்பதையும் கண்டார். தூங்கும்போதுதான் மூளை பகலில் படித்ததைப் பதிய வைக்கிறது. நம் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். நான் தூங்கியது 5 மணி நேரம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைத்திருக்கிறேன்!

நீங்களும் செய்து பாருங்கள்

• ஏறவில்லை என்றால் நேரத்தைக் கூட்டாதீர்கள். எழுந்து கொஞ்சம் நடங்கள், விளையாடுங்கள்.
• உங்களால் நிச்சயம் முடியும் இடத்திலிருந்து தொடங்குங்கள். கீழ் வகுப்புப் புத்தகமானாலும் வெட்கம் வேண்டாம்.
• அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஆசை மிச்சம் இருக்கும்போதே நோட்டை மூடுங்கள்.
• இன்று படித்ததை நாளைக்கும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் திருப்பிப் பாருங்கள்.
• மனசுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அம்மா, டீச்சர், தோழி, யாரிடமாவது சொல்லுங்கள்.
• ஓய்வு எடுத்தும் பல நாள் சோர்வு போகவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது தனியாகத் தாங்கும் விஷயம் இல்லை. உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

முடிவாக

அரையாண்டில் எனக்குக் கணக்கில் 61. முதல் மார்க் இல்லை. வடிவியல் இன்னும் எனக்குத் தகராறுதான். ஆனால் பேப்பரைப் பார்த்துக் கை வேர்க்கவில்லை. தெரிந்ததை முதலில் எழுதினேன், தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். மில்லுக்குப் போகிறேன் என்று நான் இப்போது சொல்வதில்லை. மார்க்கைச் சொன்ன அன்று அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார்கள். "61-ஆ?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தோசை போட்டார்கள். இந்தத் தடவை கருகவில்லை.

இதைப் படிக்கும் யாராவது பேப்பரை மடித்துப் பையின் அடியில் வைத்திருந்தால், அதை வெளியே எடுங்கள். அதில் சரியாகப் போட்ட ஒரு கணக்கு நிச்சயம் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். கணக்கில் உதவி வேண்டும் என்றால் மதியம் சாப்பிட்டதும் வேப்ப மரத்தடிக்கு வாருங்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து கணக்குதான்!

சிந்திக்க:
1. சோம்பலுக்கும் சோர்வுக்கும் என்ன வித்தியாசம்?
2. உங்களால் இன்றே முடிக்க முடிந்த ஒரு சின்ன வேலை எது?



ஒன்பதாம் வகுப்பு மாணவி