மஞ்சள் காய்ச்சல்: பயணிக்கும் நாட்டுக்கும் காப்பு

வெப்ப மண்டல ஆப்பிரிக்க நாடுகளுக்கும் தென் அமெரிக்க நாடுகளுக்கும் பணியின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் இந்தியர் பலர் செல்கின்றனர். அவர்கள் பெற வேண்டிய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவோர் உண்டு. அச்சான்றிதழின் நோக்கம் பயணியைக் காப்பது மட்டுமன்று. அவர் திரும்பி வரும் நாட்டைக் காப்பதும் ஆகும்.

நோயின் இயல்பு

பெயர் ஒப்புமையால் இதனை மஞ்சள் காமாலையோடு குழப்பிக்கொள்ளலாகாது. இது ஏடிஸ் இனக் கொசுக்களால் பரவும் வைரஸ் நோய். கொசுவே இதனைப் பரப்புகிறது என்ற கருத்தைக் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் வெளியிட்டார். வால்ட்டர் ரீட் குழுவினர் 1900-இல் அதனை மெய்ப்பித்தனர். கொசு கடித்த 3 முதல் 6 நாள்களில் காய்ச்சல், முதுகுவலி, வாந்தி ஆகியவை தோன்றும். பெரும்பாலோர் குணமடைவர். சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பழுதுற்று இரத்தக் கசிவு ஏற்படும். அந்நிலையை அடைந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறக்கின்றனர். வைரஸை அழிக்கும் தனி மருந்து இல்லை.

இந்தியாவின் நிலை

இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசு இங்கு ஏராளம். மக்களுக்கோ இந்நோய்க்கு எதிரான தடுப்பாற்றல் இல்லை. நோயுற்ற ஒருவரைக் கடிக்கும் கொசுவே பரவலுக்குத் தொடக்கமாகலாம். எனவேதான், நோயுள்ள பகுதியிலிருந்து சான்றிதழின்றி வருவோர் அப்பகுதியை விட்டுப் புறப்பட்டதிலிருந்து 6 நாள்கள் வரை தனிமையில் வைக்கப்படுகின்றனர். நோய் வெளிப்படுவதற்கு ஆகும் காலமே இவ்வரம்புக்கு அடிப்படை.

தடுப்பூசி

மாக்ஸ் தெய்லர் 1937-இல் உருவாக்கிய 17டி தடுப்பூசி அவருக்கு 1951-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். ஆகவே கடைசி நேர முயற்சி பயன்படாது. முன்னர் 10 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லுபடியான சான்றிதழ், 2016 ஜூலை 11 முதல் வாழ்நாள் முழுவதும் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களிலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், முதியோர், முட்டை ஒவ்வாமை உடையோர், தடுப்பாற்றல் குன்றியோர் ஆகியோர் முன்னதாக மருத்துவரைக் கலந்தாலோசித்தல் அவசியம்.

பிற முன்னெச்சரிக்கைகள்

இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. ஏடிஸ் பகலிலும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவிலும் கடிப்பதால், முழுக்கை ஆடையும் கொசுவலையும் ஒருங்கே தேவை. மலேரியா தடுப்பு மாத்திரைகளை மருத்துவர் கூறியவாறு பயணத்துக்கு முன்பும் பின்பும் தவறாது உட்கொள்ள வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், சென்று வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலில் கூறுதல் நன்று.

துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை கொசுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துமாறு பன்னாட்டுச் சுகாதார விதிகள் பணிக்கின்றன. பயணி சான்றிதழைப் பெறுவதும், நிர்வாகம் தேங்கிய நீரை அகற்றுவதும் ஒரே காப்பின் இரு பகுதிகளாகும்.