சிகப்பழகு கிரீமில் பாதரசம்



பத்தே நாளில் சிகப்பாகலாம் என்று விற்கும் டப்பா கிரீம் இப்போது நம் ஊர்களிலும் கிடைக்கிறது. கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்கு, சில வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக்கூட வாங்கிப் பூசுகிறார்கள். நிறம் மாறுவது உண்மைதான். எதனால் மாறுது என்பதைத்தான் நாம தெரிஞ்சுக்கணும்.

தோலுக்குக் கருமை தருவது மெலனின். (வயல் வேலையில் வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அதுதான்.) சில கிரீம்களில் சேர்க்கும் பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதோடு நிற்காது. தோல் வழியா ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அங்கே வடிகட்டி பழுதானால், உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் நுரைக்கும், காலும் முகமும் வீங்கும். பூசுகிறவரின் கை, துண்டு வழியாக வீட்டுக் குழந்தைக்கும், தாய் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் பாதரசம் சேரும்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ரகம். அந்த 15 பேரில் 13 பேர் சிகப்பழகு கிரீம் பூசியவர்கள்! கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் குறைந்தது.

நம் நாட்டின் 2020 அழகுசாதனப் பொருள் விதிகள்படி முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. லேபிளைத்தான் பார்க்கணும். தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், காலாவதி தேதி இல்லாததை வாங்காதீங்க. மெர்குரி, கலோமல் என்று இருந்தாலும் வேண்டாம். சில டப்பாவில் தங்கம், வெள்ளி நகை மேல் படக் கூடாது என்று போட்டிருக்கும். நகைக்கே ஆகாதென்றால் உள்ளே பாதரசம் இருக்கலாம்.

ஏற்கெனவே பூசியவர்கள் உடனே நிறுத்திவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்க. கர்ப்பிணிகளுக்கு 'உப்பு' பார்ப்பாங்களே, அதே சோதனைதான். டப்பாவையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்க.

குழுக் கடனில் இந்தச் சரக்கை வாங்கி விற்கும் சகோதரிகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதி பேருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. ஆனால் லேபிள் இல்லாத கிரீமுக்குக் கடன் தருவதா என்று குழு பேசித் தீர்மானம் எழுதலாம். அடுத்த கூட்டத்துக்கு வீட்டிலிருக்கும் டப்பாவைக் கொண்டு வாங்க. படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு லேபிளையும் சத்தமாகப் படிக்கட்டும்.