டைனிங் நாற்காலிக்கு நீங்களே குஷன் மாற்றலாம்

குஷன் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் நேராகக் கூடத்துச் சோபாவில் கை வைப்பார்கள். வேண்டாம். உள்ளே ஸ்பிரிங், பட்டை, சணல், தையல் என்று ஏகப்பட்ட சங்கதி இருக்கிறது. டைனிங் டேபிள் நாற்காலியில் தொடங்குங்கள். அதன் இருக்கை ஒரு பிளைவுட் பலகை, மேலே ஃபோம், சுற்றிலும் துணி, அவ்வளவுதான். தையல் மெஷினே வேண்டாம்.

நாற்காலியைக் கவிழ்த்தால் இருக்கையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் தெரியும். கழற்றும்போதே பலகையின் அடியிலும் சட்டத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுங்கள். ஆறு நாற்காலியும் ஒரே அச்சாகத் தெரியும்; ஆனால் ஒன்றின் துளை இன்னொன்றோடு சேர்வது அபூர்வம்.

அடுத்து, துணியைப் பலகையோடு பிடித்திருக்கும் பழைய ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்க வேண்டும். தட்டைத் திருப்புளியைப் பின்னுக்கு அடியில் நுழைத்து நெம்பி, எழும்பியதைக் குறடால் இழுங்கள். பாதியில் உடைந்தால் மிச்சத்தைச் சுத்தியலால் உள்ளே அடித்துவிடலாம். நீட்டிக்கொண்டிருந்தால் கையைக் கிழிக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். அலுப்புப் பார்த்துப் பழைய துணிமேலேயே புதியதைப் போர்த்துகிறவர்கள் உண்டு. அழுக்கும் நாற்றமும் உள்ளேயே தங்கும், குஷனும் முன்பு விழுந்த குழியிலேயே இருக்கும். பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்திருந்தால் மரக்கடையில் அதே அளவுக்கு வேறு வெட்டி வாங்குங்கள்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஃபோம். கடையில் தடிமனை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், டென்சிட்டியையும் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 32-க்குக் கீழே போனால் சீக்கிரம் அமுங்கிவிடும். தினமும் உட்காருகிற நாற்காலிக்கு 40 நல்லது. தடிமன் 2 அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் தொடை மேசையில் இடிக்கும். பலகையை ஃபோம்மேல் வைத்துக் கோடு போட்டு, ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் அழுத்தாமல் நீள நீளமாக அறுங்கள். ரப்பர் பசையைப் பலகையிலும் ஃபோமிலும் தடவி, ஈரம் கையில் ஒட்டாத பதம் வந்தபின் சேர்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

துணியா, ரெக்சினா? ரசம் சிந்துகிற வீட்டில் ரெக்சினைத் துடைப்பது சுலபம்தான். ஆனால் நம் வெயிலுக்கு அது தொடையில் ஒட்டும், மலிவானது தோலுரியும். என் ஓட்டு கனமான சோபாத் துணிக்கு. அது பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் கிடைக்கும். 18 அங்குலச் சதுர இருக்கைக்கு, ஃபோம் தடிமனையும் அடியில் மடிப்பதையும் சேர்த்து 26 அங்குலம் வேண்டும். அகலத்தில் இரண்டு இருக்கை அடங்கிவிடும். ஆறு நாற்காலிக்கு இரண்டேகால் மீட்டர் எடுத்தால் கையைக் கடிக்காது. பூப்போட்ட துணியென்றால் பூவை நடுவில் நிறுத்த இன்னும் கொஞ்சம் கூடும்.

தொழிலின் சூட்சுமம் பின் அடிக்கும் வரிசையில் இருக்கிறது. துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, அதன்மேல் ஃபோம் கீழாகப் பலகையைக் கவிழ்த்து வையுங்கள். முன்பக்க நடுவில் ஒரு பின், எதிரே பின்பக்க நடுவில் ஒன்று, பிறகு இரு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. இந்த நான்கோடு நிறுத்தித் திருப்பிப் பாருங்கள். இழை கோணியிருந்தால் இப்போதே பிடுங்கிச் சரிசெய்யலாம். நேராக இருந்தால் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி அடித்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் சுருக்கம் நிச்சயம். ஃபோமின் விளிம்பு லேசாக உருளும் அளவுக்கு இழுத்தால் போதும். ஸ்குரூத் துளைகளைத் துணி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூலைக்கு 2 அங்குலம் முன்பே நிறுத்துங்கள். மூலைத் துணியின் நுனியைப் பலகையின் நடுவை நோக்கி இழுத்து ஒரு பின் அடித்தால் இருபுறமும் தளர்ந்த துணி நிற்கும். அதைப் புடவைக் கொசுவம்போல மடித்து, மடிப்பு முன்னால் தெரியாதபடி அடியில் தள்ளி அடியுங்கள். மிஞ்சியதைக் கத்தரித்துவிட்டு, அடிப்பக்கம் ஒரு கறுப்புத் துணியை ஒட்டவைத்தால் தூசி கொட்டாது.

முதலில் ஒரு நாற்காலியை மட்டும் முடித்து, வீட்டிலேயே கனமான ஆளைச் சில நாள் உட்காரச் சொல்லுங்கள். துணி தளரவில்லை என்றால் மற்ற ஐந்தையும் கழற்றலாம்.